எட்டு நிமிடத்தில் ரயில் நிலையம் என்று சொல்லி விற்ற வீடு

தொழிற்பேட்டையை ஒட்டி எழும்பும் புது அடுக்குமாடிகளில் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டிவிட்டோம். குடியேறி ஒன்றரை வருடம் ஆகிறது.

பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த இடங்களில் வீடுகள் வந்துகொண்டிருக்கும் பகுதி இது. பாதி ஆலைகள் இன்னும் ஓடுகின்றன. நகரத்துக்குள்ளேயே கொஞ்சம் விசாலமான வீடு கிடைக்கிறதே என்றுதான் பார்க்கப் போனோம். ஆனால் எங்களைக் கையெழுத்துப் போட வைத்தது விளம்பரத் தாளில் இருந்த ஒரு வரி: ‘ரயில் நிலையம் 650 மீட்டர், எட்டு நிமிட நடை.’ பக்கத்தில் வரைபடம், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. நான் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள். என் மகளுக்கும் பள்ளி அந்த லைனில்தான். எங்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

விற்பனைக்காரர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தங்கள் வேனிலேயே அழைத்துப் போனார். தெரு அமைதியாக இருந்தது. மாதிரி வீட்டு பால்கனியில் நிற்க வைத்து, “மேடம், அதோ தெரியுது பாருங்க, அதுதான் ஸ்டேஷன்” என்று கை நீட்டினார். உண்மையிலேயே தெரிந்தது. நடைமேடைக் கூரை, அதன் மேல் கடிகாரம். கண்ணால் பார்த்த பிறகு நடந்து பார்க்கத் தோன்றவில்லை.

குடியேறிய மறுநாள் காலை நடந்தேன். பச்சைக் கோடு போட்டிருந்த இடத்தில் சரக்கு ரயில் யார்டு. ஏழெட்டுத் தண்டவாளங்கள், இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே மதில். கேட் கிடையாது, சுரங்கப்பாதை கிடையாது. ஒரு ஆலையின் காம்பவுண்டை முழுதாகச் சுற்றி, லாரிகள் போகும் மேம்பாலத்தில் ஏறி இறங்கித்தான் ஸ்டேஷனை அடைய முடியும். 2.4 கிலோமீட்டர். மேம்பாலத்தில் நடைபாதை ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதியில் முடிந்துவிடும். அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பிறகு விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தால், பச்சைக் கோட்டின் நடுவில் பொடி எழுத்தில் ‘உத்தேச நடைமேம்பாலம்’ என்று இருக்கிறது.

அப்புறம்தான் இந்த மாதிரி இடங்கள் எப்படி உருவாகின்றன என்று தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். தொழிற்பகுதிகளில் பெரும்பாலும் முதலில் தண்டவாளம் வரும், அதை ஒட்டிப் பெரிய பெரிய மனைகளாக ஆலைகள் வரும். ஒரு மனைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சந்து விட மாட்டார்கள். சரக்குக்குச் சந்து தேவையில்லை. அதனால்தான் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது காலுக்குத் தூரமாகிவிடுகிறது. சாலையும் லாரி திரும்புவதற்காக அகலமாக வளைத்துப் போட்டது. கடக்க நிற்கிறவருக்கு வளைவில் வரும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். பேருந்தும் இங்கே ஷிப்ட் நேரத்துக்குத்தான் ஓடுகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து மணியை ஒட்டி நாலைந்து வண்டிகள் சேர்ந்தாற்போல் வரும். மற்ற நேரத்தில் நாற்பது நிமிடம் காத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு என்றால் பேருந்தும் லீவு மாதிரிதான்.

ஜப்பானில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. வீட்டு விளம்பரத்தில் நடை நேரம் போட்டால், நடந்து போகும் சாலைத் தூரத்தை அளந்து 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், மிச்சம் இருந்தால் அதையும் ஒரு நிமிடமாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் வீடு முப்பது நிமிடம் என்று விளம்பரம் ஆகியிருக்கும். முப்பது நிமிடம் என்று போட்டிருந்தால் நாங்கள் வேனிலேயே ஏறியிருக்க மாட்டோம்.

விற்கும்போது இன்னொன்றும் சொன்னார்கள். “புது மெட்ரோ லைனுக்கு அனுமதி வந்தாச்சு மேடம், ரெண்டு வருஷத்துல உங்க வாசல்ல ஸ்டேஷன்.” நகரத் திட்ட அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். அனுமதி வந்தது உண்மைதான், ஆனால் சாத்தியம் உண்டா என்று ஆராய்வதற்கான அனுமதி அது. அந்த ஆய்வுக்குப் பிறகு விரிவான திட்ட அறிக்கை, அரசு ஒப்புதல், நிதி, நிலம் எடுப்பு, டெண்டர், கட்டுமானம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் இருக்கின்றன. இதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் பாதை மாறலாம், நின்றும் போகலாம்.

உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. லண்டனில் தேம்ஸ்மீட் என்ற புதுக் குடியிருப்புக்கு 1968-லேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். 1970-களில் பாதாள ரயிலை அங்கே கொண்டுபோகும் திட்டம் இருந்தது. கடைசியில் 1999-ல் ஜூபிலி லைன் என்ற அந்தப் பாதாள ரயில் பாதையைக் கிழக்கே நீட்டியபோது அது தேம்ஸ்மீடுக்கு வராமல் ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் போய்விட்டது. நியூயார்க்கின் இரண்டாவது அவென்யூ பாதாள ரயில் பாதைக்கு 1972-ல் தோண்ட ஆரம்பித்தார்கள், நகரத்திடம் பணம் இல்லாமல் 1975-ல் நிறுத்தினார்கள், முதல் பகுதி திறந்தது 2017-ல். வேலை முடியும் தறுவாயில் இருந்த லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதைகூட 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மே மாதம்தான் திறந்தது. ஆய்வு நிலையில் இருக்கும் ஒன்றை இரண்டு வருடத்தில் வரும் என்று சொல்லி விற்பதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகள் ஓடத் தடை இருக்கிறது. அதனால் எல்லா லாரிகளும் இரவு பத்துக்கு மேல் கிளம்புகின்றன. விளம்பரத் தாளில் பூங்காவாக வரைந்திருந்த பக்கத்து மனையில் இப்போது ஒரு கிடங்கு. அந்த மனை ஆரம்பத்திலிருந்தே தொழில் பயன்பாட்டு நிலமாகத்தான் பதிவாகியிருக்கிறது, யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். விடிய விடிய லாரி பின்னால் எடுக்கும் பீப் பீப் சத்தம். சாலைப் போக்குவரத்தின் இரவுச் சத்தம் சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் பரிந்துரைத்தது. போனில் அளப்பது துல்லியம் இல்லைதான், ஆனாலும் எங்கள் படுக்கையறை ஜன்னலில் 60-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். என் மகள் முதல் மூன்று மாதம் தூக்கம் இல்லாமல் பள்ளியில் தலைவலி, தலைவலி என்று படுத்துவிட்டாள். அவளை இங்கே கூட்டி வந்தது நாங்கள்தானே என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

ஸ்டேஷனுக்கு இலவச வேன் விட்டிருந்தார்கள். முதல் இரண்டு பிளாக்குகளில் கடைசி வீடு விற்ற மாதமே நின்றுவிட்டது. கேட்டால் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்றார்கள். இல்லைதான். ஒப்பந்தத்தில் இருந்தது வேறொன்று: ‘விளம்பரத்தில் உள்ள படங்களும் விவரங்களும் இந்த ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது.’ முப்பத்தோராம் பக்கம். நாங்கள் வாங்கிய பிறகு வக்கீலிடம் காட்டினோம். வாங்குவதற்கு முன் காட்டியிருந்தால் அந்த வரிக்கு நேராக, “ஸ்டேஷன் தூரத்தையும் நடைமேம்பாலத்தையும் எழுத்தில் கேளுங்க, தரலைன்னா வந்துடுங்க” என்று சொல்லியிருப்பேன் என்றார்.

நீங்கள் பார்க்கப் போனால் அவர்கள் வேனில் போகாதீர்கள். வேலை நாளில், காலை ஏழு மணிக்கு, ஸ்டேஷனில் இறங்கி வீடு வரைக்கும் நடங்கள். இரவு பதினோரு மணிக்கு இன்னொரு முறை போய் அரை மணி நேரம் தெருவில் நில்லுங்கள். சுற்றியிருக்கும் ஒவ்வொரு மனையும் என்ன பயன்பாட்டுக்கு என்று திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். முன்பு அங்கே என்ன ஆலை இருந்தது, மண்ணைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை இருந்த இடம் என்றால் சோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் நகராதீர்கள்.

இப்போது மூன்றாவது பிளாக் விற்கிறார்கள். அதே விளம்பரம், அதே பச்சைக் கோடு. போன ஞாயிறு வேனிலிருந்து ஒரு இளம் தம்பதி இறங்கினார்கள், அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். பால்கனியைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தபோது நானாகப் போய்ப் பேசினேன். “ஸ்டேஷன் இவ்வளவு கிட்ட இருக்கே அக்கா” என்றாள். இவ்வளவு கிட்ட இருக்கிறதே, வாம்மா நடந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். மதில் வரைக்கும்தான் போனோம். அவள் கணவர் மதிலில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.