யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் புடவைக் கடை

என் கல்யாணக் கூறை எடுத்த காலத்தில் இருந்து எங்கள் வீட்டு உடுப்பெல்லாம் இந்தக் கடையில்தான். பருத்திச் சேலைகளில் நல்ல தெரிவு உண்டு. பட்டு, பக்கத்துக் கடைகளை விட விலை கொஞ்சம் கூட. வாகனம் விட இடமில்லை, அது பெரிய கரைச்சல். ஆனாலும் அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்காகவே திரும்பவும் போவேன்.

நல்லூர்த் திருவிழாவும் தீபாவளியும் நெருங்கினால் ரவுனில் கடைக்குக் கடை 'வேலைக்குப் பெண்கள் தேவை' என்று மட்டை தொங்கும். இந்தக் கடை வாசலில் நான் அதைக் கண்டதில்லை. எனக்குச் சேலை எடுத்துப் போடுகிற பிள்ளை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதின கையோடு வந்தவள், இப்போது அவளுக்கே இரண்டு குழந்தைகள். எனக்கு எந்தக் கரை பிடிக்கும் என்பது அவளுக்குப் பாடம். "அக்கா, இது தோய்த்தால் சாயம் போகும், வேண்டாம்" என்று முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள். அவர் முகம் சுளிப்பதில்லை.

மேசைக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூல் இருக்கிறது. சனம் இல்லாத நேரம் இருந்துகொண்டே சேலை மடிப்பார்கள். தமிழ்நாட்டில் கடைப் பிள்ளைகளை இப்படி இருக்க விடுவதற்கு 2021இல் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது.

என் தங்கச்சியின் மகளும் இப்போது இங்கேதான். இன்னொரு கடையில் அவளுக்குக் கையில் 35,000 தருவதாகச் சொன்னார்கள். நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு) இல்லை, பிந்தினால் சம்பளத்தில் வெட்டு, காலையில் போனை வாங்கி வைப்பார்கள், சீசனில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்கவே கூடாது. இங்கே 30,000. தாய்க்கு அந்த 35,000இல் தான் கண். பிள்ளை கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். சேமலாப நிதிக்குத் தன் பங்கு 8 வீதம், 2,400 போனால் கையில் 27,600. முதலாளி 12 வீதம், 3,600 போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கும் அவரே 3 வீதம், இன்னொரு 900. மாதம் 6,900 அவள் பெயரில் சேர்கிறது.

"அது நினைத்த நேரம் எடுக்கேலாத காசு" என்றாள் தாய்.

"கையில் வருவதையும் சேர்வதையும் கூட்டிப் பார்த்தால் 500 ரூபாய்தான் வித்தியாசம், பெரியம்மா. ஆறு மணிக்கு விட்டால் இருட்டுகிறதுக்குள் வீட்டுக்கு வந்திடுவன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். சேமலாப நிதி 1958இல் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் இதைக் கொடுக்காமல், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய மனமில்லை' என்று முதலாளிமார் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மனம் இருக்கிற பிள்ளைகள் பார்த்துத்தான் போகிறார்கள்.

ஆறு மணிக்கே பூட்டுவதால் கந்தோர் முடித்து ஓடி வருகிறவர்களுக்குச் சரிவராது. பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் சொன்ன திகதிக்குக் கிடைக்காது, முன்கூட்டியே கொடுங்கள். நிறம் பார்க்க வேண்டுமென்றால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டச் சொல்லுங்கள், சலிக்காமல் செய்வார்கள்.