ஜிலேபி மீனை அளந்து சதையைக் கணிப்பது: நான்கு வருட அனுபவம்

ஒரத்தநாடு பக்கம் இரண்டு குட்டைகளில் கிஃப்ட் என்ற ரகத் திலேப்பியா மீன் வளர்க்கிறேன். ஊரில் எல்லாருக்கும் அது ஜிலேபி மீன்தான். உயிர் மீனாக எடை போட்டு விற்றவரை கணக்கு சுலபம். முள் நீக்கி, தோல் உரித்த சதையாகக் கேட்டு ஒருவர் வந்தபோதுதான் சிக்கல். டன்னுக்கு எவ்வளவு தேறும் என்றார். குத்துமதிப்பாக 400 கிலோ என்று சொல்லிவிட்டேன். வெட்டி முடித்தபோது 340 கிலோகூட நிறையவில்லை. அதற்கப்புறம்தான் நீளம் பார்க்க அளவுப் பலகையும், தடிமன் பார்க்க வெர்னியர் காலிபர் என்ற இடுக்கி அளவுகோலும் வாங்கினேன்.

ஒவ்வொரு அறுவடையிலும் 30 மீன் எடுப்பேன். முதல் நாளே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் இருப்பதும் எடையில் ஏறிவிடும். நீளம், முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் உயரம், அதே இடத்தில் தடிமன், தலை நீளம், எடை. பிறகு வெட்டி, சதையைத் தனியாக எடை போட்டு எக்செல்லில் ஏற்றி, அளவுகளை வைத்துச் சதையைக் கணிக்க ஒரு சூத்திரம் போடுவேன். நீளத்தை வாய் நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரைதான் எடுக்க வேண்டும். முதல் வருடம் வால் நுனிவரை அளந்தேன். நெருக்கமான குட்டையில் வால் கடிபட்டுக் குறைந்த மீன்கள் நிறைய இருந்ததால் அந்த வருடக் கணக்கு முழுவதும் வீணாகிப் போனது.

தடிமன்தான் அளக்கக் கஷ்டமானது. காலிபரைக் கொஞ்சம் அழுத்தினாலும் சதை அமுங்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும். மீன் விறைத்த பிறகு அளந்தால் அது வேறு எண். இப்போது ஒரே ஆள், பிடித்த உடனே, காலிபர் தோலைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எங்களுக்கு வெட்டித் தரும் அக்கா ஆரம்பத்திலேயே சொன்னார்: "நீளத்தைப் பார்க்காதே தம்பி, முதுகைத் தொட்டுப் பாரு." என் அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் முதுகு தடித்ததுதான் கூடுதல் சதை தருகிறது.

ஒரு மீனில் எத்தனை கிராம் சதை இருக்கும் என்பதை இந்த முறை நன்றாகவே சொல்கிறது. உண்மையில் எடை மட்டுமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. 600 கிராம் மீனுக்கு 200 கிராமை ஒட்டி வரும். உயரமும் தடிமனும் சேர்த்தால் கணிப்பு இன்னும் கொஞ்சம் நெருங்கும். ஆனால் உடல் எடையில் எந்த மீனுக்கு 33 சதவீதம் சதை, எந்த மீனுக்கு 36 சதவீதம் என்று பிரித்துச் சொல்ல நான்கு வருடமாக முயன்றும் முடியவில்லை. மீனுக்கு மீன் சதவீதத்தில் உள்ள வித்தியாசமே சிறியது. கத்தி எலும்பை விட்டுச் சற்று மேலே ஏறினால் அதுவும் கரைந்துவிடும். ஒருமுறை அக்கா வராமல் வேறொருவர் வெட்டினார். மீனெல்லாம் ஒரே குட்டை, சதை மட்டும் குறைந்தது.

இனவிருத்தி செய்கிறவர்களுக்கும் இது பெரிய தலைவலி. கிஃப்ட் என்பதே 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் வந்த ரகம். அங்கே தேர்வு நடந்தது முக்கியமாக வளர்ச்சி வேகத்துக்காக. சதைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் வெட்டிப் பார்க்க வேண்டும், வெட்டிய மீன் குஞ்சு தராது. அதனால் கூடப்பிறந்த மீன்களை வெட்டிப் பார்க்கிறார்கள், அல்ட்ராசவுண்டில் சதைத் தடிமனை அளந்தும் பார்க்கிறார்கள்.

ஆண் குஞ்சு என்று வாங்கினாலும் சில பெண் மீன்கள் கலந்துவிடுகின்றன. வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் மீன் இரை எடுக்காமல் மெலிந்துவிடும். தலை மட்டும் பெரிதாகத் தெரியும் அந்த மீனில் என் சூத்திரம் எப்போதும் கூடுதலாகவே காட்டும். பக்கத்துக் குட்டைக்காரர் கட்லாவுக்கு இதே கணக்கைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. கட்லாவின் தலை அளவே வேறு, அதற்குத் தனியாக 30 மீன் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இப்போது வியாபாரி கேட்டால் டன்னுக்கு 330 கிலோ என்றுதான் பேசுகிறேன், யார் வெட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிடுகிறேன். போன மூன்று அறுவடையிலும் சொன்னதற்குக் கீழே இறங்கவில்லை. தலை நீளத்தை அளப்பதை இந்த வருடத்தோடு விட்டுவிட்டேன். அதை அளந்து கணக்கு எந்தப் பக்கமும் நகரவில்லை, 30 மீனுக்கு அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.