சிசிரிஸ் பெயரைக் கழுவித் தருகிறேன் என்று வருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டில் இருக்கிற நம் ஆட்கள், முக்கியமாக அரசாங்க வேலையில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள். சிசிரிஸ் என்றால் பேங்க் நெகாரா, அதாவது மலேசிய மத்திய பேங்க், வைத்திருக்கிற கடன் பதிவு. எனக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. அதுவும் அம்மாவின் செயினை அடகு வைத்த பணம்.

நான் அரசாங்க ஆபீஸில் கிராணி. ரஹ்சியா (ரகசியம்) முத்திரை குத்திய ஃபைல்கள் வருகிற பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தேன், அதற்கு தாப்பிசான் கெசெலாமாத்தான் என்கிற பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். எனக்கோ கார் கடன் மூன்று மாதம் நிலுவை, கார்டும் பெர்சனல் லோனும் சேர்த்து 13,000 வெள்ளி பாக்கி, எல்லாம் அப்பா படுத்த வருஷம் வாங்கியது. கடனில் தவிக்கிறவனிடம் ரகசியத்தைக் கொடுத்தால் எவனாவது காசைக் காட்டி வாங்கிவிடுவான் என்று சோதிக்கிறவர்கள் பார்ப்பது நியாயம்தான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். ஆள் நம்ம ஆள். ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "தம்பி, பேங்க் நெகாராவுல எனக்கு ஆள் இருக்கு, ரெண்டு மாசத்துல உங்க பேரு சுத்தமாயிடும். அதுவரைக்கும் கார் காசு கட்டாதீங்க, கட்டுனா ரெக்கார்டு திறந்துக்கும்" என்றார். நம்பி அந்த 2,800 வெள்ளியைக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பேங்க் சின்னம், கையெழுத்து, நிலுவை எதுவும் இல்லை என்று ஒரு வரி. அதை மனுவோடு சேர்த்து அனுப்ப உறைக்குள்ளே போட்டும்விட்டேன். ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்தால் என் ஐசி (அடையாள அட்டை) நம்பரில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிக் கிடக்கிறது. காலையில் பேங்குக்கு ஓடினேன், கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: நிலுவை ஐந்து மாதம். அந்தப் போலிக் கடிதம் மட்டும் உள்ளே போயிருந்தால் மாற்றல் என்ன, இருக்கிற வேலையே போயிருக்கும். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சிசிரிஸில் இருப்பது பேங்குகள் அனுப்புகிற கணக்கு, கடைசி 12 மாதம் எப்படிக் கட்டினோம் என்பது. தப்பாக இருந்தால் அந்த பேங்க்தான் திருத்த வேண்டும், வெளியாள் யாராலும் கழுவ முடியாது. உங்கள் அறிக்கையை நீங்களே இசிசிரிஸ் என்கிற பேங்க் நெகாரா இணையச் சேவையில் இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. 1993ஆம் வருஷத்து அரசாங்க ஊழியர் ஒழுங்கு விதிப்படி, அடமானம் இல்லாத கடன் மாத வருமானத்தைப் போல பத்து மடங்கைத் தாண்டினால்தான் அந்தக் கணக்கில் கடும் கடனாளி. என் சம்பளம் 2,600, பத்து மடங்கு 26,000. நான் அதற்குக் கீழேதான் இருந்திருக்கிறேன்! கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் ஒட்டுக்கடையில் போய்க் கேட்டேன்.

அப்புறம் ஈப்போவில் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். 2006இல் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது, ஒரு காசு வாங்கவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்து என்னால் கட்ட முடிகிற தவணையைக் கணக்குப் போட்டு பேங்கோடு பேசினார்கள். மனுவில் கடன் முழுவதையும் உள்ளபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. போலீஸில் புகாரும் கொடுத்தாயிற்று, அந்த ஆளின் நம்பர் இப்போது அடிப்பதே இல்லை. அம்மாவின் செயினுக்கு அடகுக் கடையில் ஆறு மாதக் கெடு, தீபாவளிக்கு முன்னாடி மீட்க வேண்டும்.