நடுச்சாமத்தில் கதவு தட்டுகிறவருக்குப் பதில் சொல்ல: கதவுக் கமரா, சங்கிலி, சென்சர் லைற், இரண்டு மாரிக்குப் பிறகு

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் அம்மாவும் மகளும். கணவருக்குக் கட்டாரில் வேலை. எங்கள் வாசல் கதவில் மூன்று சாமான்கள் இருக்கின்றன: வெளியே நிற்கிறவரைப் பார்க்கிற பழைய பார்வைக் கண்ணாடி இருந்த ஓட்டையில் ஒரு கமரா, உள்பக்கம் ஒரு சங்கிலி, கதவுக்கு மேலே ஆள் அசைந்தால் எரிகிற சென்சர் லைற். மூன்றும் இரண்டு மாரியும், வறண்ட கச்சான் காற்றும் கண்டுவிட்டன. கடையில் பெட்டியைத் திறந்து காட்டும்போது சொல்லாத விடயங்கள் பல இப்போதுதான் தெரிந்திருக்கின்றன.

வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணி தாண்டிய பிறகு ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். பலமாக இல்லை. மூன்று தட்டு, கொஞ்ச நேரம் சத்தமில்லை, மறுபடியும் மூன்று தட்டு. எங்களுக்கு முன்னர் அந்த வீட்டில் இருந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். குடித்திருப்பது குரலிலேயே தெரியும். பதில் சொல்லாவிட்டால் படியில் குந்திக்கொண்டு இருப்பார். சில கிழமைகள் ஆளைக் காணாது, இனி வரமாட்டார் என்று நிம்மதியாகப் படுக்கிற நேரத்தில் மீண்டும் வருவார்.

கூப்பாடு போட்டால் ஊர் கூடும், அதில் சந்தேகமே இல்லை. எனக்குப் பயமே அதுதான். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான், கிறீஸ் பூதம், என்று பீதி பரவிய நாட்களை கிழக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொல்லும் தடியுமாக இரவிரவாக முழித்திருந்தார்கள், தெரியாத முகம் என்றாலே சந்தேகம். நாட்டின் சில இடங்களில் ஆட்களை அடித்தே கொன்றார்கள். அப்படி ஒரு கூட்டத்தின் கையில் இந்த ஆளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கதவைத் திறக்கவும் கூடாது, ஊரைக் கூட்டவும் கூடாது, ஆனால் அந்த ஆளோடு பேச வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

பழைய பார்வைக் கண்ணாடி இதற்கு உதவாது. நாங்கள் கண்ணை வைத்ததும் வெளியே தெரிகிற ஒளிப்பொட்டு மறைந்துவிடும், உள்ளே ஆள் வந்து நிற்கிறது என்று தட்டுகிறவருக்கு விளங்கிவிடும். விறாந்தை இருட்டென்றால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. கதவோடு ஒட்டி நின்றுதான் பார்க்கவும் வேண்டும். குடித்துவிட்டு வருகிற ஒருவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகை மட்டும் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கமராவை அதே ஓட்டையில் பூட்டலாம், புதிதாகத் துளைக்கத் தேவையில்லை. வாடகை வீட்டுக்கு இதுவே பெரிய வசதி. கதவின் தடிப்பை மட்டும் முன்கூட்டியே அளந்துகொண்டு போங்கள். எங்கள் கதவு பழைய பாரமான கதவு, கூட வந்த குழாய் மட்டுமட்டாகத்தான் பிடித்தது. உள்பக்கம் கையளவு திரை, வெளியே ஒரு கண்ணும் பெல் பொத்தானும். பற்றரியில் ஓடுகிறது. பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறார்கள். அது யாரும் வராத வீட்டுக் கணக்கு! ஆள் நடமாட்டமுள்ள விறாந்தையில் ஒன்றரை மாதம் தாண்டினால் சந்தோஷப்படலாம்.

முதல் முறையாக அந்த மனிதரைத் திரையில் பார்த்தபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. படம் வளைந்துதான் தெரியும், மூக்குப் பெரிதாகவும் காது சின்னதாகவும். ஐம்பது வயதிருக்கும். தட்டுவதற்கு முன்னர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சோடியாகப் படியோரம் வைத்துவிட்டு வந்து நின்றார். களவெடுக்க வருகிறவன் செருப்பை அடுக்கி வைப்பானா? அம்மா பின்னால் வந்து, "என்ன புள்ள, ஆரு கா அது?" என்று கேட்டா. நான் திரையைக் காட்டினேன்.

பதில் சொன்னது நாங்கள் இல்லை. பெல்லை அமத்தினால் கணவரின் போனிலும் அடிக்கும். எங்களுக்குப் பதினொன்றரை என்றால் அங்கே ஒன்பது மணிதான், சாப்பிட்டுவிட்டு இருக்கிற நேரம். கதவின் சின்ன ஒலிபெருக்கியில் அவரின் குரல் கரகரவென்று வந்தது.

"ஆரு?"

வெளியே நின்றவர் ஒரு அடி பின்னால் போனார். "அண்ணன் இருக்காரா?"

"அவர் இஞ்ச இல்ல, வீடு மாறிப் போயிட்டார். நீங்க பகல்ல வாங்க. ராவையில இஞ்ச வந்து தட்டாதீங்க."

"குறை நினைக்காதீங்க தம்பி" என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

உடனே வருவதை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள், பிறகும் வந்தார். வீடியோத் துண்டை வீட்டுச் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம், அவர் முகத்தைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். முன்னர் இருந்தவர் சீட்டுப் பிடித்து, காசைக் கொடுக்காமலே வீடு மாறிப் போனவராம். சொந்தக்காரர் நேரில் போய்க் கதைத்த பிறகுதான் தட்டுகிற சத்தம் நின்றது. ஆக, ஆளை நிறுத்தியது கமரா இல்லை. யாரோடு கதைக்க வேண்டும் என்று அது காட்டித் தந்தது.

அடுத்து, எதிர்வீட்டு ராத்தா. கமரா பூட்டிய கிழமையே வந்து நேராகக் கேட்டுவிட்டா: கதவைத் திறந்து குப்பை வாளியை வைக்கும்போது தலையில் முந்தானை இல்லாமலும் நிற்பேன், அதுவும் உங்கள் போனில் விழுமா? விழும். விறாந்தை அவ்வளவு ஒடுக்கம். கமராவின் போன் அப்பில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்க ஒரு வசதி இருக்கிறது, அவவின் கதவை முழுவதுமாக மறைத்து, போனை அவவின் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். இந்த வசதி இல்லாத கமராவைத் தொடர்மாடிக்கு வாங்கவே வேண்டாம். எதிர்வீட்டோடு முகம் முறிந்தால், அவசரத்துக்குக் கதவைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது.

கரண்ட் போனால் என்ன ஆகும்? கமராவுக்குப் பற்றரி இருப்பதால் உள்திரை வேலை செய்யும். ஆனால் ரவுட்டர் செத்துவிடும், போனுக்கு ஒன்றும் வராது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது இது நன்றாக விளங்கியது. நல்லகாலம், அது பகல். அப்புறம் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினேன், 12 வோல்ட் வகை. கமரா வாங்குகிறவர்கள் இதையும் அதன் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

நம்முடைய காற்றும் உப்பும் தனிக் கதை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், சாதாரண இரும்பு ஆணி ஒரு மாரியிலேயே துருப்பிடித்துவிட்டது. துருப்பிடிக்காத ஆணியாக மாற்றினேன். மாரியில் கதவுப் பலகை ஊதும், கச்சான் அடிக்கும்போது சுருங்கும். மழைக்குள் அளந்து பூட்டிய சங்கிலி கச்சானுக்குள் ஓட்டையில் சரியாக விழவில்லை, அதன் தகட்டைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. சென்சரும் உடம்புச் சூட்டின் அசைவைப் பார்த்து வேலை செய்கிற சாமான். கச்சான் காலத்தில் சுவரே இரவில் சூடாக இருப்பதால், ஆள் கிட்ட வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் பூனைக்கும் எரியும். கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் இராப் படம் முழுக்க வெள்ளை மூட்டமாகிவிடும், வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போது துணியால் துடைத்துவிடுவேன்.

சங்கிலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட வருகிற அரை அங்குல ஆணியில் பூட்டினால் ஒரு உதைக்குத் தாங்காது. நிலையின் உள்மரம்வரை போகிற நீள ஆணி வேண்டும். அதைக் கொளுவிக்கொண்டு கதவைத் திறந்து பேசலாம் என்ற எண்ணமே வேண்டாம். பகலில் தபால், பார்சல் வாங்க நல்லது.

மூன்றிலும் மலிவானது லைற்தான். அதன் வேலை எனக்கு ஆச்சரியம். வெளிச்சம் விழுந்ததும் மனிதர்கள் சத்தத்தைக் குறைக்கிறார்கள், மேல்மாடிப் பொடியன்கள் உட்பட. இருட்டில் கமரா வெறும் கறுப்பு வெள்ளையில் காட்டிய உடுப்பின் நிறமும் தெரிகிறது. காசு குறைவென்றால் இதை முதலில் வாங்குங்கள்.

தெரிந்த ஆள் என்று முடிந்ததால் நாங்கள் பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் கதவை உதைத்தாலோ, பூட்டை நோண்டினாலோ, மிரட்டினாலோ உள்ளே இருந்தபடியே 119க்கு எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். வாசலுக்குப் போவது எல்லோரும் அல்ல, மகளோடு அம்மா பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும், திரையைப் பார்ப்பது நான். வருகிற ஆள் முன்னாள் கணவன், பின்தொடர்கிறவன் என்ற மாதிரி இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக, மெமரி காட். அது நிரம்பினால் பழையதை அழித்து அதன் மேலேயே பதியும். முக்கியமான துண்டு என்றால் அன்றைக்கே மூலக் கோப்பை வேறாக எடுத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் போனது சுருங்கிப் போயிருக்கும், முகமும் கலங்கும். கமராவின் மணிக்கூடு சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பற்றரி முழுக்க இறங்கி மறுபடி சார்ஜ் ஏற்றிய பிறகு எங்களுடையது ஏதோ ஒரு வெளிநாட்டு நேரத்துக்குப் போய் நின்றது.