கப்பலுக்கு எந்த டீசல் எஞ்சின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பெரிய கன்டெய்னர் கப்பல்களில் இருப்பது மெதுவாகச் சுழலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கினாலே எரிபொருள் ஒருமுறை எரியும் வகை. 2006-இல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலின் 14 சிலிண்டர் எஞ்சினையே பாருங்கள்: சுமார் 1,09,000 குதிரைத்திறன், எடை 2,300 டன், ஆனால் நிமிடத்துக்கு 102 சுற்றுதான். ஒரு சிலிண்டரின் விட்டம் 96 செ.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 2.5 மீட்டர். கியர்பாக்ஸ் கிடையாது, தண்டு நேராக புரொப்பெல்லருக்குப் போகிறது. பின்னால் போக வேண்டுமா? எஞ்சினை நிறுத்தி எதிர்த்திசையில் கிளப்ப வேண்டும்!

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டுமுறை ஏறி இறங்கினால்தான் எரிபொருள் ஒருமுறை எரியும். இந்த எஞ்சின் உயரம் குறைவு. சுற்று 500-ஐத் தொடும். அதனால் நடுவில் சுற்றைக் குறைக்க கியர்பாக்ஸோ, மின்மோட்டாரால் புரொப்பெல்லரைச் சுழற்ற ஜெனரேட்டரோ தேவை. பயணிகள் கப்பலுக்கு இதுதான் சரி: நாலைந்து எஞ்சின்களில் தேவையானதை மட்டும் ஓட்டலாம், ஒன்றைப் பிரித்துப் போட்டாலும் கப்பல் நிற்காது. நாள்கணக்கில் ஒரே வேகத்தில் சரக்கு இழுக்க என்றால், எரிபொருள் சிக்கனத்துக்காக டூ ஸ்ட்ரோக்குக்கே என் ஓட்டு.