எலிப்பொறிச் சுவர் வீட்டில் எட்டு வெயில்காலம்

2017 தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் போகிற வழியில், ஐந்தரை சென்ட் இடம், தரைத்தளம் மட்டும். வெளிச்சுவர் முழுக்க ரேட் ட்ராப் பாண்டு என்கிற எலிப்பொறிக் கட்டு, கூரை நடுவில் ஓடு வைத்த ஃபில்லர் ஸ்லாப், வெளிப்பூச்சு கிடையாது. கட்டும்போது வந்து பார்த்தவர்கள் எல்லாம் "ஏசியே வேண்டாமாமே?" என்றார்கள். நானும் பெருமையாக ஆமாம் என்றேன். எட்டு சித்திரையைப் பார்த்தாயிற்று. இப்போது யாராவது கேட்டால் அப்படி ஒரே வார்த்தையில் முடிக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். இதில் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குலம் போல வெற்றிடம் விழும், எலிப்பொறி மாதிரி பெட்டி பெட்டியாக. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். கேரளத்தில் இதைப் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1970களில் அவர் கட்டிய திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை 2015இல் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

எங்கள் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "சார், இது சுவரா, புறாக்கூண்டா?" என்று கேட்டார். முதல் நாள் கட்டிய நான்கு வரியை மறுநாள் அவரே பிரித்தார். செங்கல்லில் மிச்சமான காசில் பாதி கூலியில் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பழகாத வேலை, நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

கூரை விஷயம் வேறு. காங்கிரீட் தளத்தில் கீழ்ப்பாதிக் காங்கிரீட்டுக்குப் பாரம் தாங்குகிற வேலை அதிகம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அந்த இடத்தில் இரண்டு சீமை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்து, சுற்றிலும் காங்கிரீட் போடுவதுதான் ஃபில்லர் ஸ்லாப். சிமெண்ட் குறையும், எடை குறையும். கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால் ஓடு வரிசை வரிசையாகத் தெரியும், அழகுதான். அம்மா மட்டும் இன்றைக்கும் "மேல எப்பப்பா பூசப்போற?" என்று கேட்கிறார்.

முதல் மே மாதமே குட்டு உடைந்தது. மதியம் இரண்டு மணிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் "அடேயப்பா, ஜில்லுனு இருக்கே" என்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே கூடத்தில் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் அனல் இறங்கும். சுவரில் கை வைத்தால் சுமாரான சூடுதான். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தொட்டால், இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி. நான் காசையும் கவனத்தையும் கொட்டியது சுவரில், வெயில் இறங்கியது கூரை வழியாக.

யோசித்தால் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். மதுரை பத்தாவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிவேளைச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும், ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. நம் ஊரில் வீட்டின் எந்தச் சுவரையும் விட அதிக வெயில் வாங்குவது மொட்டை மாடி. பகலெல்லாம் குடித்த சூட்டைக் காங்கிரீட் நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்து உள்ளே இறக்கும். உள்ளே வைத்த நாலு ஓடு அதைக் குறைக்கும், நிறுத்தாது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதியிலும் கூரைக்குத் தனி வரம்பு உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது. வெறும் காங்கிரீட் தளம் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கைக் கடத்தும். இதைப் படித்தபோது நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

2019 மார்ச்சில் மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். அதற்கு முன் சிவப்புத் தட்டோடு. மதியம் வெறுங்காலோடு நாலு எட்டு வைக்க முடியாத மாடியில், பெயின்ட் அடித்த பிறகு நின்று வடகம் பிழிய முடிந்தது. ராத்திரி கூடத்தில் வித்தியாசம் முதல் வாரமே தெரிந்தது. மொத்த வீட்டிலும் போட்ட காசுக்கு அதிகம் பலன் தந்தது இந்தப் பெயின்ட்தான். இத்தனை வருடத்தில் நான் இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டியதே இல்லை, சுவரைத்தான் காட்டுவேன். ஒரு குறை: ஐப்பசி மழைக்குப் பிறகு பாசி பிடித்துக் கறுக்கும், தூசி படியும். தையில் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு கோட்.

அடுத்த தப்பு மேற்குப் படுக்கையறை. சாயங்கால வெயிலை முழுக்க வாங்கி, பத்து மணிக்கு மேல் கொடுக்கிற சுவர். வெற்றிடச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டு மேற்கறையை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். உள்ளே கனத்த திரை தொங்கவிட்டோம், பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிய பிறகு சூட்டை என்ன செய்ய? வெளியே மூங்கில் தட்டி கட்டி, சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டதும்தான் அடங்கியது. பேக்கர் கட்டடங்களில் கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டு நிழல் விழ வைக்கும். நான் செங்கல் கட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அந்த நிழலை அங்கேயே விட்டுவிட்டேன்.

வடக்குச் சன்னலில் வெயிலே வராது என்று சன்ஷேடைச் சின்னதாக விட்டதும் அப்படித்தான். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் அந்தச் சன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழும்.

இந்த வீட்டுக்கு ஒரு பழக்கமும் வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சன்னலை எல்லாம் சாத்தி, ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும். அப்போதுதான் சுவர் ராத்திரிக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அம்மா கேட்டால்தானே! "பட்டப்பகல்ல சன்னல சாத்துறவன உங்க வம்சத்துலயே நான் பாத்ததில்லடா, காத்து வரட்டும்" என்று நான் சாத்தச் சாத்தத் திறப்பார். உள்ளே வருவது அனல்காற்று என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2021இல் ஒரே ஒரு ஏசி வாங்கினோம், மேற்கறைக்கு. சொன்ன சொல் போயிற்று. சித்திரை, வைகாசியில் ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், 27இல் வைத்து ஃபேனோடு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று ஐந்து தட்பவெப்ப மண்டலங்களில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சன்னல் திறந்து ஃபேன் போட்டு வாழ்கிற கட்டடங்களில் நம் ஆட்கள் வெளிநாட்டு விதிகள் சொல்வதைவிட அதிகச் சூட்டிலும் சுகமாகவே இருக்கிறார்கள் என்றது. என் அனுபவமும் அதுதான். மற்ற அறைகளில் கரன்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் போதும். பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது முப்பதை ஒட்டி.

சுவரைப் பற்றிய தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். டிவி மாட்ட ட்ரில் போட்டால் பிட்டு "டொப்" என்று வெற்றிடத்துக்குள் விழும், பிளக் பிடிக்காமல் சுற்றும். ஏசி மாட்ட வந்த பையன் மூன்று ஓட்டை போட்டுவிட்டு என்னைப் பார்த்து விழித்தான். எங்கே என்ன மாட்டப்போகிறோம் என்று கட்டும்போதே முடிவு செய்து, அந்தப் பெட்டிகளைக் கலவையால் அடைத்துவிடுங்கள். வெளிச்சுவரில் கொத்தனார் அடைக்க மறந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக எறும்பு உள்ளே போய்க் குடித்தனமே நடத்தியது, சுவிட்ச் பாக்ஸ் வழியாக வெளியே வந்தது. போர்வெல்லில் வந்த உப்புத்தண்ணீரிலேயே கட்டி, அதிலேயே நனைத்ததால் அடி வரிகளில் வருடா வருடம் உப்புப் பூக்கிறது. காற்றுக்காக இடைவெளி விட்டுக் கட்டிய சல்லடைச் சுவர் காற்றைவிடத் தூசியைத்தான் அதிகம் தருகிறது, கொசுவலை அடித்ததும் காற்றும் பாதியாகிவிட்டது.

இப்போது மகன் மாடி எடுக்க வேண்டும் என்கிறான். எடுத்தால் என் கூரைப் பிரச்சினை தீர்ந்தது, வெயில் அவன் தலைக்குப் போய்விடும். எஞ்சினியர் பழைய கம்பி வரைபடத்தைக் கேட்டிருக்கிறார். அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் எங்கோ இருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறோம்.