டிபி பாக்ஸ் இடம் மாறுகிறது: பழைய ஒயரை ஒட்டுவதா, புதிதாக இழுப்பதா?

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் டிபி பாக்ஸை (வீட்டு மின்சாரத்தை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கூடத்துச் சுவருக்கு மாற்றினால் பழைய ஒயர்கள் எட்டாது. அவற்றோடு துண்டு ஒயரை ஒட்டி நீட்டலாம், இல்லையென்றால் முழு ஒயரையே புதிதாக இழுக்கலாம்.

செலவு: ஒட்டினால் சில மீட்டர் ஒயரும் ஒரு ஜங்ஷன் பாக்ஸும் போதும். புதிது என்றால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் முழு நீளம். காப்பர் விற்கிற விலையில் கையைக் கடிக்கும்.

வேலை: ஒட்டுவது சீக்கிரம் முடியும். இழுக்க, பைப்பில் இடம் வேண்டும். பைப் நசுங்கியிருந்தால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

ஆயுள்: இங்கேதான் விஷயமே. முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு நாளடைவில் தளர்ந்து, சூடேறிக் கருகும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றைப் பிரித்தபோது மேலுறை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. ஒயர் அளவுக்கேற்ற கிரிம்ப் ஸ்லீவ் (இரண்டு முனைகளையும் உள்ளே விட்டு நசுக்கி இறுக்கும் சிறு உலோகக் குழாய்) போட்டு, திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள் வைத்தால் நிற்கும். பூசி மறைத்துவிடாதீர்கள்.

லைட், ஃபேனுக்குப் போகும் 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு நல்ல ஒட்டு போதும். ஏசி, கீசருக்குப் புதிதுதான். மீட்டரிலிருந்து வரும் மெயின் கேபிளா? அதை ஒரே துண்டாகத்தான் இழுக்க வேண்டும். ஆனால் மீட்டர் சீலில் மின்வாரிய ஆள்தான் கை வைக்கலாம். அப்புறம், எர்த் ஒயரையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள்.